கோடு போடாத பக்கம்

சேலத்தில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் முடிவில் ஒரு மலை நிற்கிறது. எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் வானம் நேராக வயலில் வந்து இறங்கும். நடுவில் நாலு பனைமரம் இருந்தால் அதிகம். அதனால் வந்து இறங்கிய திங்கட்கிழமை முழுக்க, யாரோ தலைமாட்டில் நின்று என்னையே பார்ப்பது போல இருந்தது.

ஊர் பார்க்க நான் வரவில்லை. என் தம்பி கலியபெருமாளைத் தேடி வந்தேன். முப்பது வருஷமாக அவன் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு வருவது எப்போதாவது ஒரு தடவை. ஆனால் எந்த மாநிலத்தில் வண்டி நின்றாலும் பொங்கலன்று காலையில் போன் வந்துவிடும். "அக்கா, பொங்கிடுச்சா?" என்பான். இரண்டு பொங்கலாக அந்தப் போன் வரவில்லை. நான் போட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. முதல் வருஷம், போனை எங்காவது தொலைத்திருப்பான் என்று இருந்துவிட்டேன். இந்த வருஷம் இருக்க முடியவில்லை.

எந்தக் கம்பெனியில் ஓட்டுகிறாய் என்று அவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸ் இருக்கும், போய்ப் பெயரைச் சொன்னால் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் செத்துப்போன தங்கையின் மகள் உமா இருக்கிறாள். வீடு மாடியில், கீழே மிளகாய் மொத்த வியாபாரம். படிக்கு ஒரு தும்மல் போட்டுக்கொண்டுதான் மேலே ஏற முடிந்தது. பாதிப் படியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் மூட்டையோடு வந்தவர், "பெரியம்மா, கொஞ்சம் ஒதுங்கி நின்னு தும்முங்க, மூட்டைக்குக் கண்ணு கெடையாது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் புது மனிதர்களிடம் பேச நா எழாது. அஞ்சாம் வகுப்போடு வீட்டுக்குள் வந்தவள். சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டேன்.

சாயங்காலம் உமா தட்டுவடை செட் வாங்கி வந்தாள். இரண்டு சின்னத் தட்டை, நடுவே பீட்ரூட், கேரட் துருவல், இரண்டு விதச் சட்னி. முழுசாக வாயில் போட வேண்டும் என்றாள். எனக்கு வாய் கொள்ளவில்லை. கடித்தேன், சேலையெல்லாம் சிந்திற்று. "ஊரே அப்படித்தான் பெரியம்மா, எல்லாத்தையும் ஒரே வாயில போடணும்" என்று அவள் துடைத்துவிட்டாள்.

உமாவுக்குக் கம்ப்யூட்டரில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறாள். சங்ககிரியில் ஐந்து லாரி ஆபீஸ்காரர்கள், தாங்கள் காலங்காலமாக எழுதி வைத்த நீள நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இவள் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, இனிமேல் நோட்டே வேண்டாம் என்று செய்து கொடுக்க வேண்டும். அதற்கான புரோகிராமை இவள் தனியாக எழுதுவதில்லை. கூட ஒரு ஏஜென்ட் எழுதுகிறது. ஏஜென்ட் என்றதும் எங்கள் பக்கம் களத்துமேட்டுக்கு நெல் பிடிக்க வருகிறவர்தான் என் நினைவுக்கு வந்தார். இது ஆள் இல்லையாம். சொன்ன வேலையைத் தானே யோசித்து, புரோகிராம் எழுதி, ஓட்டிப் பார்த்து, தப்பு வந்தால் திருத்துகிற ஒரு இயந்திர மூளை.

அன்றைக்கு அது அவளைப் படுத்திக்கொண்டிருந்தது. நோட்டின் ஒரு பக்கத்தைத் திறக்கும். படித்ததை வந்து சொல்லும். அடுத்த பக்கத்தைத் திறக்கட்டுமா என்று கேட்கும். திறந்துவிட்டு மறுபடி வந்து சொல்லும்.

"ஒவ்வொரு நடை போயிட்டு வந்ததும், மொதல்லேர்ந்து நான் பேசுனது எல்லாத்தையும் திருப்பிப் படிச்சிட்டுத்தான் பெரியம்மா அடுத்த வேலையத் தொடும். அதான் இவ்வளவு நேரம்" என்றாள் உமா. "கடைக்குப் போயி உப்பு வாங்கியா, வந்ததும் புளி வாங்கியா, வந்ததும் பெருங்காயம்னு ஒருத்தர விரட்டுனா எப்படி? மொத்தமாச் சீட்டெழுதிக் குடுத்தா ஒரே நடை. இதுக்கும் அப்படிச் சொல்லலாம். பத்துப் பக்கத்த ஒரே நேரத்துல திற, பத்துப் பதிலையும் சேத்துக் கொண்டான்னு."

"புளி இருக்கா இல்லியான்னு தெரிஞ்சாத்தானேடி, ரசம் வைக்கிறதா மோர்க்கொழம்பு வைக்கிறதான்னு சொல்ல முடியும்?" என்றேன்.

அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். "அதேதான். ஒண்ண ஒண்ணு நம்பி இல்லேன்னா சேத்து அனுப்பலாம். ஒண்ணோட பதிலத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் இன்னொண்ணுன்னா காத்திருக்கணும். இதச் சொல்ல எங்க மேனேஜரு ஒரு மணிநேரம் மீட்டிங் போட்டாரு."

செவ்வாய்க்கிழமை என்னைச் சங்ககிரிக்கு அழைத்துப் போனாள். வழியெல்லாம் மரவள்ளி. பச்சை இருக்கிறது, ஆனால் தண்ணீர் கண்ணில் படவில்லை. ஜவ்வரிசி ஆலைப் பக்கம் வந்தபோது பஸ்ஸுக்குள் புளித்த வாடை அடித்தது. எங்கள் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்றால் ஒப்பாரி வைப்போம். இங்கே இவர்கள் தண்ணீரே இல்லாத மண்ணைப் பார்த்துப் பழகி, அதில் கிழங்கு வைத்து, அதையும் வெள்ளை முத்தாக்கி விற்கிறார்கள்.

பாதி வழியில் பஸ்ஸுக்கு அடியில் ஏதோ அறுந்து இழுபட்டது. இறக்கிவிட்டார்கள். டிரைவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கூட இறங்கிய ஒரு அம்மா, "ஏனுங்க, நீங்க பாத்தா அது கூச்சப்பட்டுக்கிட்டு ஒட்டிக்குமுங்களா? அடுத்த வண்டிய நிறுத்துங்க" என்றார். அடுத்த வண்டியில் நின்றுகொண்டே போனோம்.

சங்ககிரியில் இறங்கியதும் என் நினைப்பு எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. மேலே மலையும் கோட்டையும். கீழே ரோட்டின் இரண்டு பக்கமும் லாரி, லாரி, லாரி. டயர்க் கடை, பட்டறை, பெயின்ட் கடை, நடுநடுவே ஆபீஸ். ஒவ்வொரு ஆபீசிலும் சாமி படம், பெஞ்சு, கல்லாவுக்குப் பின்னால் ஒருவர். எத்தனை ஆபீஸ் என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

உமா உள்ளே போய்க் கேட்பாள். நான் வாசலில் நிற்பேன். முதல் ஆபீசில் தெரியாது என்றார்கள். பக்கத்துப் பட்டறையில் கேட்கச் சொன்னார்கள். பட்டறையில், எதிர் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களைத் தெரியும், அங்கே கேளுங்கள் என்றார்கள். மெஸ்ஸில் இன்னொரு ஆபீசைக் கைகாட்டினார்கள். அந்த ஆபீஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். எங்கள் பக்கத்து ஆள் எந்த ஊராக இருந்தாலும் இங்கே தஞ்சாவூர்க்காரர்தான்.

"தஞ்சாவூர்க்காரருங்களா? எங்ககிட்ட ரெண்டு தஞ்சாவூர்க்காரரு இருந்தாங்க. ஒருத்தரு மூக்குப்பொடி, ஒருத்தரு தொட்டதுக்கெல்லாம் அழுவாரு. உங்காளு எதுங்க?"

உமா திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டும் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப எங்காளு இல்லீங்க" என்றார் வருத்தத்தோடு.

ஏழு ஆபீஸ் ஏறி இறங்கியபின் வெயிலில் எனக்குக் கண் இருட்டிற்று. மெஸ்ஸில் உட்கார வைத்து உமா சோறு வாங்கித் தந்தாள். புளியைக் கரைத்து, கொதிக்க வைக்காமலே வெங்காயம் பச்சை மிளகாய் கிள்ளிப் போட்ட ஒரு ரசம். காய்ச்சாத ரசத்தை நான் அன்றுதான் குடித்தேன். வெயிலுக்கு நன்றாக இருந்தது. பக்கத்து இலையில் சாப்பிட்ட டிரைவர் ஒருவர் என் தம்பி சாயல். அவர் எழுந்து கை கழுவிப் போகும்வரை நான் சோற்றில் கை வைக்கவில்லை.

திரும்பும்போது உமா, "ஒவ்வொரு ஆபீஸா ஏறுனா இந்த மாசம் பூரா ஆவும் பெரியம்மா. எங்கிட்ட அஞ்சு ஆபீஸ் நோட்டு இருக்கு. ஒருவேளை மாமா பேரு அதுல இருந்தா? இந்த ஏஜென்ட் போற வேகத்துக்கு அது முடியவே அடுத்த மாசம் ஆவும். நாளைக்கு மொத்தமா விட்டுப் பாக்குறேன்" என்றாள்.

புதன்கிழமை அப்படியே செய்தாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரே நடையில் ஐம்பது பக்கம் படிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் செய்யட்டுமா, செய்யட்டுமா என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அதன்பின் திரையில் வரிகள் மழை மாதிரி இறங்கின.

லாரி ஆபீஸ் நோட்டில் டிரைவருக்கு ஒரு பக்கம். தலைப்பில் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர். கீழே டிரிப்புக்கு ஒரு வரி. சில பக்கங்களில் மூலைக்கு மூலை சிவப்பு மசியில் குறுக்குக் கோடு போட்டிருந்தது. அது வேலையை விட்டுப் போனவர்கள் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்களாம். கோடு இல்லாதவர்கள் வேலையில் இருப்பவர்கள். அந்த வாரம் ஒரு ஆபீசில் புது அடையாள அட்டை கொடுக்கப் போகிறார்கள். வேலையில் இருக்கும் டிரைவர்களுக்கெல்லாம், வியாழக்கிழமை வந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெசேஜ் அனுப்பும் வேலையும் உமாவுடையதுதான். டிரைவர்கள் நம்பரை அடிக்கடி மாற்றுவார்கள் என்பதால் வீட்டு நம்பருக்குப் போக வேண்டும்.

மத்தியானம் தாண்டி உமா, "பெரியம்மா!" என்று கத்தினாள். கீரையோடு எழுந்தேன்.

படத்தில் மஞ்சள் ஏறிய ஒரு பக்கம். சாய்ந்த எழுத்தில், 'கலியபெருமாள், தஞ்சாவூர்' என்று இருந்தது. எனக்குப் படிக்க வந்தது. விரலை வைத்து இரண்டு தடவை படித்தேன். அந்தப் பக்கத்தில் சிவப்புக் கோடு இல்லை.

"வேலையிலதான் இருக்காரு" என்றாள் உமா. நான் மூன்றாம் தடவையும் விரல் வைத்துப் படித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் மாறிவிட்டது. அவள் எனக்கு விளக்கியதை, எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். ஏஜென்டிடம் மூன்று வேலை சொல்லியிருக்கிறாள். கோடு இல்லாத பக்கங்களைப் பொறுக்கு, அவர்கள் கடைசியாக என்றைக்கு வண்டி எடுத்தார்கள் என்று பார், மெசேஜ் அனுப்பு. கடைசித் தேதியைப் பார்த்து, பழசாக இருந்தால் நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் மெசேஜ் போக வேண்டும் என்று மனதில் நினைத்திருக்கிறாள், அதனிடம் சொல்லவில்லை. ஆள்களைப் பொறுக்கி முடித்ததும், தேதி பார்ப்பதையும் அனுப்புவதையும் அது ஒரே கட்டாக்கி, ஒரே நேரத்தில் செய்துவிட்டது. இரண்டு பதிலும் சேர்ந்து வந்தன. பதினொரு பேருக்குக் கடைசி டிரிப் ஒரு வருஷம், மூன்று வருஷம் பழசு. அந்தப் பதினொரு பேருக்கும் மெசேஜ் போய்விட்டது. அதில் ஒருவன் என் தம்பி. அவன் கடைசி டிரிப் எடுத்து இரண்டு வருஷம்.

"மெசேஜ் போன நம்பர் யாரோடது?" என்று கேட்டேன்.

"தெரியல பெரியம்மா. வீட்டு நம்பர்னு போட்டிருக்கு. உங்க நம்பர் இல்ல. கூப்பிட்டுப் பாக்கட்டுமா? இல்ல, அந்த ஆபீசுக்காவது போன் போட்டுக் கேக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். "காலையில அவனே போட்டோ எடுக்க வருவானே. நேர்ல பாத்துக்கலாம்."

போனில் கேட்டால் பதில் உடனே வந்துவிடும். அதுதான் எனக்குப் பயம். கோடு இல்லாத பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு பொழுதாவது இருக்க ஆசைப்பட்டேன். உமாவுக்கும் தன் தப்பை ஆபீஸ்காரர்களிடம் அன்றைக்கே சொல்லத் துணிவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து பேசாமல் இருந்துவிட்டோம்.

வியாழக்கிழமை காலை ஆபீஸ் வாசலில் பத்திருபது டிரைவர்கள். உள்ளே ஒரு வெள்ளைத் துணி கட்டி, அதன் முன்னால் முக்காலி போட்டிருந்தார்கள். "மொகத்துல கிரீஸ் இருக்குதுடா, தொடை" என்றார் ஒருவர். "இருக்கட்டும். தொடைச்சா என்ற பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியாது" என்றார் முக்காலியில் இருந்தவர். சிரிப்பு. நான் தண்ணீர் கேனுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு செருப்பையும் முதலில் பார்த்தேன், பிறகு முகத்தை. என் தம்பி இடது காலைச் சற்று அகட்டி வைப்பான்.

நோட்டு எழுதுகிறவர் பெயர் முத்துசாமி. அறுபது வயதிருக்கும். உமா அவரிடம் பேச வாயெடுக்கும்போதெல்லாம் போன் அடித்தது. ஒரு போனில் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்துவது எங்களுக்கே கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, "ஏம்மா, நானாம்மா அனுப்புனேன்? கம்ப்யூட்டருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பத்தைந்துக்கு மேல். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"ஏனுங்க, இதுல என்னமோ வந்திருக்குதுங்க. பக்கத்து ஊட்டுப் புள்ள படிச்சுச் சொல்லுச்சு. போட்டோ புடிக்க வரச் சொல்லிருக்கீங்களாமா."

முத்துசாமி நிமிர்ந்து பார்த்தார். எழுந்தே விட்டார். "பாவாயி, உனக்குமா வந்துச்சு?"

"தஞ்சாவூர்க்காரருக்கு வந்திருக்குதுங்க."

"அவரு போயி ரெண்டு வருசமாச்சே பாவாயி."

"அது எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள்.

இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் முன்னால் நின்றவளிடம், அவளுக்குத் தெரிந்ததையே அவர் சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கேனில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. முக்காலியில் ஒருவர் நிமிர்ந்து உட்கார, பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

உமா மேஜைக்குக் கிட்டே போனாள். "கோடு போடலியே, சார். கோடு இல்லேன்னா வேலையில இருக்காங்கன்னுதானே..."

"யாரு சாமி சொன்னா? வேற கம்பெனிக்குப் போனவனுக்குத்தான் கோடு" என்றார் முத்துசாமி. "செத்தவன் பக்கத்துல கோடு போடமாட்டோம். அவன் ஓட்டுன வண்டி இன்னமும் ரோட்டுல ஓடுதில்ல? குறுக்க கோடு கிழிச்சா அந்த வண்டிக்கு ஆகாது. அப்படியே உட்டுருவோம். மேக்கொண்டு ஒரு எழுத்து எழுதமாட்டோம்."

"அத எங்கயாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா?"

"எதுக்குக் குறிக்கோணும்? எங்களுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "நேத்து ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தாச் சொல்லிருப்பனே, கண்ணு. பொழுதோட அத்தனை ஊட்டுக்கும் தகவல் சொல்லிருக்கலாம்" என்றார்.

உமா என் பக்கம் திரும்பவில்லை. அவள் நல்ல பெண்.

"தப்பா வந்திருச்சு பாவாயி. மனசுல வெச்சுக்காத" என்றார் அவர்.

"தப்புன்னு தெரிஞ்சுதானுங்க வந்தேன். போனவரு போட்டோவுக்கு எங்கிருந்து வாரது?" பாவாயி போனை அவர் பக்கம் தள்ளினாள். "மேல மொதல் வரியில என்னமோ இருக்குதாமா. அந்தப் புள்ள படிச்சுச்சு, நான் நம்புல. நீங்க ஒருக்காப் படிச்சுச் சொல்லுங்க."

முத்துசாமி கண்ணாடியைத் தூக்கி வைத்துப் படித்தார். "ஓட்டுநர் கலியபெருமாள் குடும்பத்தினருக்கு வணக்கம்."

"குடும்பம்னா நானுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன்ற நம்பரத்தான அவரு குடுத்திருந்தாரு."

"அதுக்குத்தானுங்க வந்தேன்" என்று அவள் போனை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக் கயிற்றை இழுத்தாள்.

எழுபது வயதில் நான் முன்பின் தெரியாத ஆபீசில், ஆண்கள் நடுவில், சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். "நான் அவன் அக்கா" என்றேன். சத்தமாக என்று எனக்குத் தோன்றியது. உமாவுக்கே சரியாகக் கேட்கவில்லையாம். ஆனால் பாவாயிக்குக் கேட்டது.

ஆபீசுக்குப் பக்கவாட்டில், வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தோம். பாவாயி லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவள். கிழிந்த தார்ப்பாயோடு பதினாறு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி அவளிடம் வந்தானாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாக்பூருக்கு அந்தப் பக்கம் ரோட்டோரம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கேபினில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கூடப் போனவர்கள் அங்கேயே காரியத்தை முடித்துச் சாம்பலைக் கொண்டுவந்தார்கள். இவள் காவிரியில் கரைத்தாள். போன் அந்த ஊரிலேயே எங்கோ போய்விட்டது. என் நம்பர் அதில் மட்டும்தான் இருந்தது.

"பொங்கலுக்குப் பேசுவாருங்க. நான் பக்கத்துலதான் நிப்பேன்" என்றாள்.

அவன் கடைசியாகப் பேசிய பொங்கலன்று என்னிடம் ஒன்று கேட்டான். "அக்கா, ஒருத்தங்கள அழைச்சிட்டு வரட்டுமா?" எனக்குப் புரிந்தது. அக்கம்பக்கம் என்ன சொல்லும், யாருக்கு என்ன பதில் சொல்வது என்று அதற்குள் நூறு நினைப்பு ஓடி, "இப்ப வேணாம்டா" என்றேன். சரிக்கா என்று வைத்துவிட்டான். அன்றைக்கும் இவள் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள்.

"இப்ப வேண்டாம்னு சொல்லிருக்காங்க, அடுத்த வருசம் பாக்கலாம்னு சொன்னாருங்க" என்றாள் பாவாயி. கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நான் எதையாவது பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

அவள் தூக்குப் போசியைத் திறந்து மூடியில் எனக்குச் சோறு வைத்தாள். அரிசியும் பருப்பும் சேர்த்து ஒன்றாக வேகவைத்த சோறு. "அவருக்கு இது ஆகவே ஆகாதுங்க. அரிசியத் தனியா, பருப்பத் தனியா வேகவெச்சா உங்க ஊருக்கு என்ன கேடுன்னு கேப்பாரு. கேட்டுக்கிட்டே ரெண்டு தட்டு திம்பாரு" என்றாள். தின்றேன். மூடியைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

பஸ் ஏற்றிவிட வந்தாள். வண்டி நகர்கிறபோது, "வாரேனுங்க" என்று கீழே நின்ற அவள்தான் சொன்னாள். போகிற நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

பஸ்ஸில் உமாவுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆமாம் சார், தப்பு என்னுதுதான் சார் என்று பல தடவை சொன்னாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"முந்தைய செய்தி தவறுதலாக அனுப்பப்பட்டது, அழித்துவிடவும்னு பதினொரு நம்பருக்கும் மொத்தமா ஒரு மெசேஜ் போடச் சொல்றாங்க பெரியம்மா. ஒரு நிமிஷ வேலை." போனை மடியில் கவிழ்த்தாள். "அப்படி அனுப்ப மாட்டேன். ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுப் பேசப்போறேன். திட்டுனா வாங்கிக்கிறேன்."

நோட்டுத் தாளில் பதினொரு பெயரையும் எழுதினாள். நாலாவது பெயர் என் தம்பி.

"பாவாயி அம்மாவுக்கும் சொல்லணும்ல? தப்பா வந்த மெசேஜ், அழிச்சிடுங்கன்னு."

"அவளுக்குச் சொல்லாத" என்றேன்.

"கம்பெனியில கேப்பாங்க பெரியம்மா. தப்பானத அழிக்கச் சொல்லித்தான் ஆகணும்."

"அந்த மொத வரியில என்னடி தப்பு?"

உமா என்னைப் பார்த்தாள். பேனாவால் நாலாவது பெயரைக் கோடு கிழித்து நீக்கப் போனவள், கையை நிறுத்தி, அதைத் தொடாமல் விட்டுவிட்டு மேலே இருந்த முதல் பெயருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"வணக்கங்க. உங்களுக்கு நேத்து ஒரு மெசேஜ் வந்திருக்கும். அத அனுப்புனது நான்தாங்க..."